மலை எல்லையில் கைபேசி விளம்பரம்: குறுஞ்செய்தியா, வாட்ஸ்அப்பா, ஆர்சிஎஸ்ஸா?

கைபேசி நிறுவனங்கள் தங்கள் ரீசார்ஜ் திட்டங்களையும் சலுகைகளையும் மக்களிடம் சேர்ப்பதற்கு இன்று குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், ஆர்சிஎஸ் (வழக்கமான மெசேஜ் பெட்டிக்குள்ளேயே படமும் பட்டனும் காட்டும் செய்தி முறை), டெலிகிராம் எனப் பல வழிகள் உண்டு. சென்னையிலோ கொச்சியிலோ அமர்ந்து விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குகிறவருக்கு இவற்றுக்கிடையே செலவும் வேகமுமே பெரிய வேறுபாடாகத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்கு மலையேறி இறங்கும் மக்களிடம் விற்கிறவருக்கோ வேறு இரண்டு கேள்விகள் முன்னால் வந்து நிற்கின்றன: இந்த விளம்பரம் எந்த மாநில சிம்முக்கு உரியது, எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது? குறுஞ்செய்தி பெரும்பாலும் முதல் கேள்வியில் தேறி இரண்டாவதில் தவறுகிறது. வாட்ஸ்அப் இரண்டாவதில் தேறி முதலாவதில் தவறுகிறது. எல்லைப் பகுதியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த முரணை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர்களையும் நிறுவனங்களின் வட்டார விநியோகஸ்தர்களையும் மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. அங்கே தேயிலை, ஏலத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அவற்றோடு அந்தப் பக்கம் தங்கின. கைபேசிச் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் தொலைத்தொடர்பு வட்டங்களும் ஏறக்குறைய அதே கோட்டில்தான் பிரிந்திருக்கின்றன. ஒருவர் எந்த வட்டத்தில் சிம் வாங்கினாரோ அந்த வட்டத்து வாடிக்கையாளராகவே நிறுவனத்தின் கணக்கில் இருப்பார்; அவர் எந்த டவரின் கீழ் நிற்கிறார் என்பது பொருட்டல்ல. வண்டன்மேட்டில் பிறந்து வளர்ந்து வீட்டில் தமிழ் பேசுகிறவரிடம் கேரள சிம் இருக்கும். கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்ணிடம் தமிழ்நாட்டு சிம் இருக்கும், ஆனால் பகல் முழுவதும் அது கேரள டவரில்தான் ஓடும். இரு பக்கமும் வியாபாரம் உள்ள ஏலக்காய் வியாபாரியிடம் இரண்டுமே இருக்கும். 2015 ஜூலை 3 முதல் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் போனாலும் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம் என்று ஆன பிறகு, எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைப் பார்த்து ஊரை ஊகிக்கும் பழைய கடைக்காரப் பழக்கமும் பயனற்றுப் போயிற்று.

முதலில் குறுஞ்செய்தி. இதன் பெரிய பலம் சட்டம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த வணிகத் தொடர்பு விதிமுறைகளின்படி, விளம்பரம் அனுப்பும் நிறுவனம், அனுப்புநர் இடத்தில் தெரியும் தன் பெயர்க்குறியையும் செய்தியின் மாதிரி வாசகத்தையும் டிஎல்டி என்னும் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதியாத வாசகம் வழியிலேயே நின்றுவிடும். 2021 மார்ச்சில் இந்தச் சரிபார்ப்பைத் தொடங்கியபோது வங்கிகளின் ஓடிபி செய்திகளும் சேர்ந்து நின்றுபோய், ஒரு வாரம் அதை நிறுத்திவைக்க வேண்டி வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல், முன்அனுமதி பெறாத இணைய இணைப்பு உள்ள குறுஞ்செய்திகளும் தடுக்கப்படுகின்றன. 2025இல் வந்த திருத்தத்தால் பெயர்க்குறியின் கடைசியில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விளம்பரம், ‘எஸ்’ இருந்தால் சேவைத் தகவல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளலாம். வேண்டாதவர் 1909 என்ற எண்ணில் சொல்லி, எல்லா விளம்பரங்களையுமோ தொலைத்தொடர்பும் பொழுதுபோக்கும் அடங்கிய வகையை மட்டுமோ தடுத்துவிடலாம். விளம்பரம் செய்கிறவருக்கு இவையெல்லாம் தொல்லையாகத் தோன்றினாலும், வந்த செய்தி நிறுவனம் அனுப்பியதுதான் என்ற நம்பிக்கை வாடிக்கையாளருக்கு இந்தத் தொல்லையிலிருந்துதான் கிடைக்கிறது.

இரண்டாவது பலம், அது எங்கும் போய்ச் சேரும் என்பது. பட்டன் போனுக்குப் போகும்; நெட் இல்லாத தோட்டத்தில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் போகும். மூன்றாவதாக, குறுஞ்செய்தி எண்ணைக் குறிவைத்தே செல்வதால், கேரள வட்டத்துச் சலுகை தமிழ்நாட்டு எண்ணுக்குப் போகாது.

பலவீனம் மொழியில் தொடங்குகிறது. கேரள வட்டத்து எண்களுக்கு வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. தொழில்நுட்பம் இதற்குத் தடையாக இல்லை. ஒரே செய்தியைத் தமிழிலும் பதிந்துகொள்ள முடியும். ஆனால் மூணாறு லயத்து வீட்டில் இருப்பவர் தமிழ் படிப்பவர் என்பது நிறுவனத்தின் பட்டியலில் எழுதப்பட்டிருக்காது. வட்டத்தின் பெயர் மட்டுமே இருக்கும். 1909இல் விளம்பர வகையையும் வேண்டிய நேரத்தையும் நாளையும் தேர்ந்தெடுக்க முடிகிறது, மொழிக்கு அங்கே இடமில்லை.

தமிழில் அனுப்பினால் செலவு எப்படி ஏறுகிறது என்பதையும் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள். தமிழ் எழுத்து கலந்துவிட்டால் 70 இடங்கள்தான். அந்த 70இலும் உயிர்மெய்க் குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘ரீசார்ஜ்’ என்பது நமக்கு நான்கெழுத்து, கணினிக்கு எட்டு இடம். “உங்கள் ரீசார்ஜ் நாளை முடிகிறது.” என்ற சின்ன வாக்கியம் 31 இடங்களை எடுத்துக்கொள்கிறது. விலை, நாட்கள், டேட்டா அளவு, நிபந்தனை ஆகியவற்றையும் சேர்த்து 150 இடங்களுக்குப் போனால், நீளச் செய்தியில் ஒரு துண்டுக்கு 67 இடமே கிடைப்பதால், அது மூன்று துண்டாகி மூன்று செய்தியின் விலையைக் கேட்கும். மொத்தமாக வாங்கும்போது ஒரு துண்டு 20 பைசா என்று வைத்துக்கொண்டால் தமிழ் விளம்பரம் ஒன்று 60 பைசா ஆகிவிடுகிறது. இதைத் தவிர்க்கத்தான் பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் அதை ஒரு நொடியில் படித்துவிடுவார்கள். ஐம்பது வயது கடந்த தோட்டத் தொழிலாளிக்கு அது மலையாளத்தைவிடச் சிரமம்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். இந்தச் செயலியோடு நம் கைபேசி நிறுவனங்களுக்கு இருந்த உறவு வேடிக்கையானது. ஒரு காலத்தில் அவை வாட்ஸ்அப்புக்கென்றே தனி பேக் விற்றன. செயலியைக் காட்டி சிம் விற்றார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், இணையத்தில் ஒரு சேவைக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை என்று வைக்கக் கூடாது எனத் தடை விதித்ததும் அந்த வியாபாரம் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது. குறுஞ்செய்தி வருமானத்தைத் தின்றுவிட்டதாக நிறுவனங்கள் முன்பு குறை சொன்ன அதே செயலிக்கு இன்று அவையே காசு கொடுத்து விளம்பரம் அனுப்புகின்றன.

வாட்ஸ்அப் விளம்பரம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வேறுபட்ட வழிகள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் கடைக்காரர்கள் தவறான முடிவெடுக்கிறார்கள். நிறுவனம் தன் சரிபார்க்கப்பட்ட கணக்கிலிருந்து நேரே அனுப்புவது ஒன்று. கடைக்காரர் தம் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலிருந்து தம் வாடிக்கையாளருக்கு அனுப்புவது இன்னொன்று. குரூப்பிலும் சேனலிலும் போட்டுவிட்டு, பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று விடுவது மூன்றாவது.

நிறுவனம் நேரே அனுப்பும் வழியில், 2025 ஜூலை முதல் ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கட்டணம். விளம்பர வகைச் செய்திக்கு இந்தியாவில் அது ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வருகிறது; வேலிடிட்டி முடிவதை நினைவூட்டும் வகைக்கு மிகக் குறைவு; வாடிக்கையாளர் தாமே முதலில் எழுதினால் 24 மணி நேரத்துக்குள் தரும் பதிலுக்குக் கட்டணமே இல்லை. மேலே சொன்ன 60 பைசாத் தமிழ்க் குறுஞ்செய்தியோடு வைத்துப் பார்த்தால், வண்ணப் படமும் நீளமான தமிழ் வாசகமும் பட்டனும் உள்ள இச்செய்திக்கான கூடுதல் விலை பெரிதல்ல. ஆனால் இதற்கு டிராயின் 1909 விதிகள் பொருந்தாது. பிடிக்காதவர் பிளாக் செய்யலாம், செயலியிலேயே புகார் சொல்லலாம். மோசடி என்று சந்தேகப்பட்டால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் பதியலாம். புகார் கூடினால் அனுப்புகிறவரின் தர மதிப்பை வாட்ஸ்அப்பே குறைத்துவிடும்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தப் பட்டனைத்தான். நிறுவனம் அனுப்பும் செய்தியில் அதை அழுத்தினால் வாடிக்கையாளர் நேரே யுபிஐ மூலம் பணம் கட்டி முடித்துவிடுவார். கடைக்குக் கமிஷன் வராது. நிறுவனத்தின் விளம்பரத்தை இணைப்போடு அப்படியே ஃபார்வர்டு செய்யும் கடைக்காரர் தம் வாடிக்கையாளரைத் தாமே வழியனுப்பி வைக்கிறார். படத்தையும் விலையையும் மட்டும் எடுத்து, “கடையில் கேளுங்கள்” என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவது நேர்மையானதே. இணைப்பை எடுத்துவிடுவதில் வேறொரு நன்மையும் உண்டு. ‘மூன்று மாதம் இலவச ரீசார்ஜ்’ என்று அடிக்கடி சுற்றும் போலிச் செய்திகள் எல்லாமே ஒரு லிங்கைத் தொடச் சொல்கின்றன. உங்கள் கடையிலிருந்து எப்போதுமே லிங்க் வராது என்று வாடிக்கையாளர் பழகிவிட்டால், உங்கள் பெயரில் யாரும் அவரை எளிதில் ஏமாற்ற முடியாது.

குரூப்பைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மலையோரத்தில் வாட்ஸ்அப் குரூப்புகளுக்குக் குறைவே இல்லை. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் நாளில், அன்றைய ஏலக்காய் விலை முதலில் வந்து விழுவது அங்கேதான். அதை எல்லாரும் திறந்து பார்ப்பதால் ரீசார்ஜ் சலுகையையும் அங்கே போட்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் குரூப்பில் பாதிப்பேர் கேரள சிம், பாதிப்பேர் தமிழ்நாட்டு சிம். திட்டங்களில் பல நாடு முழுவதும் ஒன்றாக இருந்தாலும், சில சலுகைகள் ஒரு வட்டத்துக்கு மட்டுமே உரியவை. குமுளிக் கடைக்காரர் போட்ட கேரளச் சலுகையை, கம்பத்துக்காரர் தம் பேருந்து நிலையக் கடையில் காட்டி, “அண்ணே, குரூப்புல இந்த வெலதான போட்டிருந்துச்சு, உங்க கடையில மட்டும் எப்படி வரல?” என்று கேட்பார். கம்பத்துக் கடைக்காரரின் திரையில் அந்தத் திட்டமே இருக்காது. விளம்பரம் செய்தவர் ஒருவர், பழி சுமப்பவர் இன்னொருவர். போதாக்குறைக்கு, ஃபார்வர்டு ஆகும் படத்தில் வட்டத்தின் பெயர் ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் இருக்கும்; சலுகை முடியும் தேதி பல நேரங்களில் இருப்பதே இல்லை.

தேதி விடுபடுவது மலையில் பெரிய கோளாறு. தோட்டத்துக்குள் நெட் கிடைக்காத நேரத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி சர்வரில் காத்துக் கிடக்கும். முப்பது நாள்வரை அது அங்கே இருக்கலாம். மாலையில் ஜீப் மலைச்சாலையில் இறங்கி லோயர் கேம்ப்பை நெருங்கும்போது, காலையிலிருந்து தேங்கியவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொட்டும். ‘இன்று மட்டும்’ என்று எழுதிய சலுகை அந்தக் குவியலுக்குள் இருந்தால், வீட்டுக்குப் போய்ச் சமைத்து முடித்த பிறகுதான் யாராவது அதைத் திறப்பார்கள். இங்கே ஒரு நாள் சலுகைகளுக்கு வாட்ஸ்அப்பை நம்பவே கூடாது.

மூன்று வழிகளில் எல்லைக் கடைகளுக்கு உண்மையில் ஏற்றது இரண்டாவது, அதாவது கடையின் சொந்த வாட்ஸ்அப் பிசினஸ். காரணம், அதில் உள்ள லேபிள் வசதி. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயருக்கும் ‘தமிழ்நாடு சிம்’ அல்லது ‘கேரளா சிம்’ என்று ஒரு லேபிள் ஒட்டிவிட்டு, அந்த லேபிளுக்கு மட்டும் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக, அனுப்பலாம். இரண்டு சிம் உள்ளவருக்கு இரண்டு லேபிளும் ஒட்டலாம். குறுஞ்செய்தியின் வட்டத் துல்லியமும் வாட்ஸ்அப்பின் தமிழும் ஒரே இடத்தில் கிடைப்பது இதில்தான். ஒரு பட்டியலில் 256 பேர்தான் என்பதும், உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்பதும் இதன் வரம்புகள். இரண்டாவது வரம்பை நான் குறையாகக் கருதவில்லை. உங்கள் எண்ணைச் சேமிக்க விரும்பாதவர் உங்கள் விளம்பரத்தையும் விரும்ப மாட்டார்.

ஆர்சிஎஸ், காகிதத்தில் பார்த்தால் எல்லாவற்றையும்விட நல்லது. வழக்கமான மெசேஜ் பெட்டிக்குள்ளேயே படமும் பட்டனும் தமிழும் வரும். எண்ணைக் குறிவைத்துப் போவதால் வட்டம் தவறாது. போய்ச் சேராவிட்டால் அதே தகவலைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாடும் உண்டு. ஆனால் நெட் வேண்டும், பட்டன் போனில் வராது. அதோடு இந்தியாவில் அதன் பெயர் ஏற்கெனவே ஒரு முறை கெட்டிருக்கிறது. கேட்காத விளம்பரங்கள் குவிகின்றன என்று பயனர்கள் குமுறியதால், 2022 ஜூனில் கூகுளே இந்தியாவில் ஆர்சிஎஸ் விளம்பரங்களைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. கடைக்காரர் இதைத் தாமே அனுப்ப முடியாது. நிறுவனத்தின் கையில் உள்ள வழி இது. விநியோகஸ்தர்கள் தங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கேரள வட்டத்தில் இடுக்கி, பாலக்காடு மாவட்டத் தமிழ் வாசகர்களுக்குத் தமிழ் வாசகம் ஒன்றைச் சோதனையாக அனுப்பிப் பார்க்க முடியுமா என்பது.

டெலிகிராமைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. படம் பார்க்கவும் போட்டித் தேர்வுக் குறிப்புகளுக்கும் அதைத் திறக்கிறார்கள். ரீசார்ஜ் விலை தேடி யாரும் அங்கே போவதில்லை. வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் குரூப்பில் சேரத் தயங்கும் பெண்களுக்கு அது வசதி. ஆனால் யார் எந்த சிம் என்று பிரிக்க முடியாததால் குரூப்பின் அதே குறை இங்கும் உண்டு. எந்தச் செயலியையும் நிரந்தரம் என்று நம்பிவிடவும் வேண்டாம். பிரவுசிங் சென்டர் காலத்து யாஹூ மெசஞ்சர் 2018இல் மூடப்பட்டது. நம் நாட்டிலேயே பிறந்த ஹைக் 2021 ஜனவரியில் நின்றது. 1996இல் தொடங்கிய ஐசிக்யூவும் 2024இல் கடையைக் கட்டியது. வாடிக்கையாளர் பட்டியலைச் செயலிக்குள் மட்டும் வைத்திருப்பவர் அதை ஒருநாள் இழக்க நேரிடும்.

ஆந்திர எல்லையில் கணக்கு சற்று மாறும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. நகரியும் சித்தூரும் அந்தப் பக்கமே இருந்தன. நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தமிழ் எழுத்தில் விளம்பரம் அனுப்புவது நல்லெண்ணமாக இருக்கலாம், பயன் தராது. தமிழில் பேசிய அரை நிமிடக் குரல் செய்தியோ தெலுங்கில் எழுதிய வாசகமோதான் அவர்களுக்குப் புரியும். குரல் செய்தி அனுப்ப குறுஞ்செய்தியால் முடியாது. இங்கே வாட்ஸ்அப்புக்குப் போட்டியே இல்லை. மலையாளப் பள்ளியில் படித்த இடுக்கித் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பேசும் மொழி வேறு, படிக்கும் மொழி வேறு, கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு கூட்டம் இந்த ஒப்பீட்டில் எளிதாக விடுபட்டுப் போகிறது. டேட்டா வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைத் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. மறு மாதமே நிறுவனங்கள் அவற்றைக் கொண்டுவந்தன. அந்தத் திட்டத்தை வாங்கக்கூடியவர் பட்டன் போன் வைத்திருக்கும் முதியவர். அவரை வாட்ஸ்அப்பும் எட்டாது, ஆர்சிஎஸ்ஸும் எட்டாது. டேட்டா திட்டத்தை விற்கவே நிறுவனம் விரும்பும் என்பதால், குறுஞ்செய்தியிலும் இதற்கு அதிக விளம்பரம் கிடைப்பதில்லை. இவருக்குச் செய்தி சொல்ல இருக்கும் ஒரே ஆள் கடைக்காரர்.

ஆகவே என் பரிந்துரை இது. வேலிடிட்டி முடியும் நினைவூட்டலையும் அவசரத் தகவலையும் நிறுவனம் குறுஞ்செய்தியிலேயே வைத்துக்கொள்ளட்டும். அது 31 இடத்தில் அடங்கும் வேலை, அதைத் தமிழிலேயே செய்யலாம். விலை ஒப்பிட்டு யோசிக்க வேண்டிய சலுகைகளைக் கடை தன் லேபிள் பட்டியல் வழியாகத் தமிழில், முடியும் தேதியோடு, லிங்க் இல்லாமல் அனுப்பட்டும். குரூப்பில் எதையும் போட வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால் வட்டத்தின் பெயர் படத்தின் உச்சியில் இருக்கட்டும். ஆர்சிஎஸ்ஸுக்குத் தமிழ்ச் சோதனை முடியும்வரை கடைகள் எதுவும் செலவிட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் தேவைப்படுவது ரீசார்ஜ் நோட்டில் இன்னும் மூன்று கட்டம்: எந்த மாநில சிம், படிக்கும் மொழி, வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா. மூன்றாவது கட்டத்தை வாடிக்கையாளரைக் கேட்காமல் நிரப்பக் கூடாது. ரீசார்ஜ் செய்யச் சொன்ன எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவர் அனுமதித்ததாக ஆகாது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் கேட்கும்போது ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ அதைப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. இடுக்கியில் இருக்கும் தமிழர் தமிழில் கேட்கச் சொல்ல இது இடம் தருகிறது. அச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. எண் தரத் தயங்குகிறவரை, குறிப்பாகப் பெண்களை, வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குக் கடை வாசலில் ஒட்டும் விலைத்தாள் போதும். எந்த மாநில சிம்முக்கு எந்த விலை என்பதை அதில் தமிழ்நாடு, கேரளா என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிவிட வேண்டும்.